ஹிக்கரிக் காம்பு கோல்ஃப் மட்டைகள்: பழசைத் தொடலாமா, தொட்டால் எங்கே நிறுத்துவது?

தோட்டத்துக்காரன் | 3 மார்ச், மாலை 6.20

நீலகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஆறு கோல்ஃப் மட்டைகள் கிடைத்திருக்கின்றன. ஐந்துக்கு இரும்புத் தலை, ஒன்றுக்கு மரத்தலை, எல்லாவற்றுக்கும் மரக் காம்பு, ஹிக்கரி என்ற அமெரிக்க மரமாம். ஒரு தலை ஆடுகிறது. ஒரு காம்பு வளைந்திருக்கிறது. பிடித் தோல் உரிந்து தொங்குகிறது. ஓர் இரும்பின் முதுகில் புகைக்குழாய் மாதிரி முத்திரை. தலையைப் பஃப் அடித்து (சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கி), காம்புக்கு வார்னிஷ் போட்டு, ஆடும் தலையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்தால் போதும் என்கிறார்கள். மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் அப்படித்தானே செய்கிறோம், சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதை வைத்து விளையாடவும் ஆசை.

இழைப்புளி | 3 மார்ச், இரவு 9.45

மூன்றையுமே செய்யாதீர்கள். முதலில் தண்ணீர், ஏனென்றால் அதை இன்றைக்கே செய்துவிடுவீர்கள்.

காம்பின் நுனி இரும்புக் கழுத்துக்குள் இருக்கிறது. அந்தக் கழுத்துக் குழலுக்கு ஹோசல் என்று பெயர். ஊறினால் மரம் உப்பும். இரும்பு வழிவிடாது. அதனால் உப்பிய நார்கள் குழலுக்குள்ளேயே நசுங்கும். காலையில் தலை கெட்டியாக இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். மரம் காய்ந்ததும் நசுங்கிய நார் பழைய பருமனுக்குத் திரும்பாது, நேற்றைவிடச் சிறுத்துப்போகும். ஒவ்வொரு ஊறலுக்கும் இன்னும் கொஞ்சம் தளரும். கோடாலிக் காம்பு போனால் புதுசு போட்டுக்கொள்ளலாம். தொண்ணூறு, நூறு வருஷத்துக் காம்பை அப்படிக் கழித்துக்கட்ட முடியாது. மண்வெட்டிக்கும் இது நல்லதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, ஆறு காம்பிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். தலையில் வைக்காதீர்கள், காம்பில். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டறை | 4 மார்ச், காலை 7.10

இரும்பைப் பற்றி நான் சொல்கிறேன். இழைப்புளி அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

புகைக்குழாய் என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ் டாம் ஸ்டூவர்ட். 1893இல் தொடங்கிய பட்டறை. 1920களின் அமெரிக்கச் சாம்பியன் பாபி ஜோன்ஸ் வைத்திருந்த இரும்புகளில் பலவும் அந்தக் குழாய் முத்திரை போட்டவை. கை முத்திரை இருந்தால் லெவன் ஊர் ஜார்ஜ் நிக்கல், நட்சத்திரம் இருந்தால் கிங்ஹார்ன் வில்லியம் கிப்சன், ரோஜாப்பூ இருந்தால் காண்டி. எல்லாமே ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரம், பேருந்தில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். இப்படி இரும்புத் தலை செய்பவர்களுக்கு கிளீக் மேக்கர் என்று பெயர். கொல்லர் பரம்பரை.

முதுகில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆள் பெயரைச் செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது விற்றவர் பெயர், ஏதோ ஒரு கிளப்பின் தொழில்முறை ஆட்டக்காரராக இருப்பார். தலையை ஸ்டூவர்ட்டிடம் வாங்கி, தன் கடையில் காம்பு போட்டு, தன் பெயரைக் குத்தி விற்பார். செய்த கையைக் காட்டுவது அந்தச் சின்ன முத்திரைதான்.

அதனால்தான் பஃப் கூடாது. முத்திரை அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. பஃப் சக்கரம் முதலில் தின்பது அதன் ஓரத்தைத்தான். பளபளப்பு ஆறு மாதத்தில் போய்விடும், முத்திரை நிரந்தரமாகப் போய்விடும். பந்தை அடிக்கும் முகத்தில் புள்ளியோ கோடோ குத்தியிருந்தால் அதற்கும் இதே கதி.

செய்ய வேண்டியது: மண்ணெண்ணெயில் தோய்த்த துணியை இரவு முழுக்கத் தலையில் சுற்றி வையுங்கள். ஹோசல் வாயை மேலே பார்க்க வைத்தால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், கீழே பார்க்க வையுங்கள். காலையில் 0000 நம்பர் இரும்புப் பஞ்சால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். சிவப்புத் துரு போய் கரும்பழுப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். அந்தப் பழுப்பு கெடுதல் செய்யாது. மேலே மெழுகு போதும்.

கடைசியாக ஒன்று. ‘கையால் அடித்தது’ என்று ஆங்கிலத்தில் குத்தியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். டை என்ற அச்சை வைத்துச் சுத்தியலில் அடித்து, கையால் ராவி முடித்த தலைகளிலும் அதே வாசகம் இருக்கும்.

தோட்டத்துக்காரன் | 4 மார்ச், இரவு 8.30

காந்தம் ஒரு காம்பில் ஒட்டுகிறது! பார்க்க மரம் மாதிரியே இருக்கிறது.

இழைப்புளி | 4 மார்ச், இரவு 9.05

அது எஃகு. மேலே மர நிறத்தில் ஓர் உறை. ஹிக்கரி போய் எஃகு வந்த காலத்தில், மரத்துக்குப் பழகிய கண்ணுக்கு உறுத்தாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் எஃகுக் காம்பை 1924இல் ஏற்றது. பிரிட்டனில் விதி வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ சங்கம் 1929 வரை இழுத்தடித்தது. மறு வருஷமே, 1930இல், ஜோன்ஸ் நான்கு பெரிய பட்டங்களையும் ஹிக்கரியிலேயே வென்றார். 1931இல் பில்லி பர்க் அமெரிக்க ஓப்பன் போட்டியை எஃகில் வென்றதும் ஹிக்கரிப் பட்டறைகளின் கதை முடிந்தது. ஹிக்கரியின் கடைசிப் பெரிய வெற்றி 1936இல், ஜானி ஃபிஷர் வென்ற அமெரிக்க அமெச்சூர் போட்டி.

அந்த மட்டைக்குச் சூடும் எண்ணெயும் காட்டாதீர்கள், உறை சுருங்கி வெடிக்கும். துடைத்து வையுங்கள். கீழே வருவதெல்லாம் மற்ற ஐந்துக்கு.

இழைப்புளி | 6 மார்ச், மதியம் 1.15

காம்பைத் தொடும் முன் மரத்தைப் படிக்க வேண்டும்.

ஹிக்கரி வட அமெரிக்க மரம், பிரிட்டனில் விளையாது. ஆரம்பக் காம்புகள் ஆஷ், ஹேசல் மாதிரியான உள்ளூர் மரங்களில்தான் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலில் ஹிக்கரி இறங்க ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் ஓரம் போயின. காரணம் எளிது. இவ்வளவு கனமான மரம் இவ்வளவு வளைந்து கொடுத்து, அடியைத் தாங்கி, பழைய நேருக்கே திரும்புவது அபூர்வம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நார் ஓட்டம். காம்பை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நார்க் கோட்டை நுனியிலிருந்து விரலால் பின்தொடருங்கள். கோடு காம்போடு கூடவே நெடுக ஓட வேண்டும். ஒரு சாண் போவதற்குள் பக்கவாட்டில் வெளியேறிவிட்டால், உடையும்போது அந்தச் சாய்விலேதான் உடையும். அந்த மட்டையைச் சுவரில் மாட்டுங்கள், விளையாட வேண்டாம். அந்தக் காலத்தில் ரம்பத்தால் அறுத்ததைவிடப் பிளந்தெடுத்த கட்டையை உயர்வாக மதித்தது இதனால்தான். பிளவு நாரின் வழியே போகும், ரம்பம் தன் வழியே போகும்.

இரண்டு, வளையம். பிடியின் மேல்முனையில் ஆண்டு வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். நெருக்கமான வளையம் நல்லது என்று பல மரங்களில் சொல்வோம். ஹிக்கரியில் தலைகீழ். ஒவ்வொரு வருஷமும் முதலில் துளை நிறைந்த ஓர் அடுக்கு வளரும், பிறகு கெட்டியான அடுக்கு. மெதுவாக வளர்ந்த மரத்தில் துளை அடுக்கு மட்டும் குறையாமல் இருந்து, கெட்டி அடுக்கு மெலிந்துவிடும். கருவிக் காம்புக்கான அமெரிக்கத் தரப்பிரிப்பில் முதல் தரம் என்பது அங்குலத்துக்கு 17 வளையத்தைத் தாண்டாதது.

வெள்ளைப் பகுதி இருந்தால் தள்ளிவிடுங்கள், சிவப்பு வைரப் பகுதிதான் வலு.

பட்டறை | 6 மார்ச், மாலை 5.50

அண்ணே, கடைசி வரி தப்பு. தேக்கை மனசில் வைத்து எழுதிவிட்டீர்கள். ஹிக்கரிக்குப் பழைய வியாபாரிகளே நேர் எதிராகச் சொல்வார்கள்: வெள்ளைதான் உசத்தி, சிவப்பு மட்டம் என்று.

இழைப்புளி | 7 மார்ச், காலை 6.30

ஒத்துக்கொள்கிறேன், திருத்துகிறேன். வைரம் பாய்ந்த மரம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் வெள்ளைதான் உசத்தி என்பதும் நிற்காது. அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வுக்கூடம் இரண்டையும் முறித்துப் பார்த்திருக்கிறது. ஒரே எடை, ஒரே நார் நேர் என்றால் வெள்ளையும் சிவப்பும் ஒரே வலு. ஆகவே நிறத்தை விடுங்கள். எடையையும் நார் ஓட்டத்தையும் பாருங்கள்.

ஒரே இடத்தில் நிறம் கணக்குக்கு வரும்: உளு. வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து உண்டு. மாவு மாதிரித் தூள் தள்ளும் வண்டு அதைத்தான் தேடி வரும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

இழைப்புளி | 9 மார்ச், இரவு 10.20

ஆடும் தலை. இந்த இழையிலேயே முக்கியமான வேலை இதுதான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஆணி தேய்ந்திருக்கலாம், பழைய பசை தூளாகியிருக்கலாம், இல்லை நுனி மரமே சிறுத்திருக்கலாம். ஹோசலில் குறுக்கே ஒரு சின்ன ஆணி போவதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ராவிச் சமமாக்கியிருப்பார்கள், வட்டமாக ஒரு நிழல் மட்டும் தெரியும். தெரியவில்லை என்றால் அந்த இடத்தை இரும்புப் பஞ்சால் லேசாகத் தேயுங்கள்.

ஆணியைத் தட்டித் தள்ள அதைவிடச் சற்று மெல்லிய பஞ்ச் கம்பி, கட்டை மேல் தலை, சின்னச் சுத்தியல். ஒரு பக்கம் அசையாவிட்டால் மறுபக்கம் திருப்புங்கள். துருவில் கட்டிக்கொண்டிருந்தால் நடுவில் புள்ளி குத்தி, 2 மி.மீ. டிரில்லால் ஆணியை மட்டும் துளையுங்கள். டிரில் சறுக்கி ஹோசலைக் கிழித்தால் அந்தக் கீறல் என்றைக்கும் தெரியும்.

ஆணி வந்ததும் ஹீட் கன்னால் ஹோசலை மெதுவாகச் சூடாக்குங்கள். கை வைத்தால் சுடும் அளவு போதும், இரும்பு நிறம் மாறக்கூடாது. பழைய பசை இளகியதும் தலையை நேராக இழுக்க வேண்டும். திருகினால் நுனி உள்ளேயே முறியும். முறிந்துவிட்டால் டிரில் வைத்து மொத்தமாகக் குடையாதீர்கள். அந்தத் துளை உள்ளே போகப்போகச் சிறுக்கும் கூம்பு. நேர் டிரில் கூம்பைக் கெடுத்துவிடும். நடுவில் மட்டும் துளையிட்டு, மிச்ச மரத்தை மெல்லிய உளியால் சுரண்டி எடுங்கள்.

இனிப் பொருத்தம். ஹோசலின் உள்ளே பென்சில் கரியைத் தடவுங்கள். காம்பை நுழைத்து, திருகாமல் எடுங்கள். நுனியில் எங்கே கறுப்பு ஒட்டியதோ அங்கேதான் மரம் முட்டுகிறது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி நுழை, மறுபடி பார். கறுப்பு நுனி முழுக்கப் பரவலாக ஒட்டும் வரை இதேதான். இருபது முப்பது தடவை ஆகும். அவசரத்தில் சுற்றிலும் உப்புத்தாள் போட்டால் மேலே ஓரிடத்தில் மட்டும் பிடித்து உள்ளே காற்று நிற்கும். வெளியே கெட்டி, உள்ளே ஆட்டம். பத்தாவது அடியில் ஹோசல் வாயிலேயே முறியும்.

நுனி ஏற்கெனவே சிறுத்திருந்தால், ஹிக்கரியிலேயே சீவிய மெல்லிய பட்டையை ஒட்டிப் பருமனாக்கி, பிறகு இதே கரி வேலை. துணி, காகிதம், ஆணித்துண்டு எதையும் திணிக்க வேண்டாம்.

பசைக்கு 24 மணி நேர எப்பாக்ஸி. ஐந்து நிமிஷ ரகம் அடியின் அதிர்வில் நொறுங்கும். பூசும் முன் ஹோசல் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். பட்டறை சொன்ன மண்ணெண்ணெய் இங்கேதான் காலை வாரும். துரு வேலை முதலில், பசை வேலை பிறகு, நடுவில் இரண்டு நாள்.

தலையின் நேரைப் பசை காயும் முன் பாருங்கள். மேலிருந்து காம்பு வழியாக ஒரு கண்ணால் பார்த்தால் முகத்தின் அடிவிளிம்பு குறிக்கு நேர் நிற்க வேண்டும்.

பட்டறை | 10 மார்ச், காலை 7.40

ஆணி போடுவதை விட்டுவிட்டீர்கள். பசை முழுக்கக் காய்ந்த பிறகு, ஹோசலில் இருக்கும் பழைய துளை வழியாகவே மரத்தைத் துளைக்க வேண்டும். புதுத் துளை கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி துளைத்தால் டிரில் மறுபக்க ஓட்டையைத் தவறவிடாது. மிதமான எஃகு ஆணி, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி வெட்டி, சின்னச் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டிப் பரப்பி, ராவிச் சமமாக்கு. ஸ்டெயின்லெஸ் ஆணி வேண்டாம், வெள்ளைப் புள்ளியாகத் தனித்துத் தெரியும்.

எப்பாக்ஸி இருக்கும்போது ஆணி எதற்கு என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பசை என்றைக்காவது விடும். அன்றைக்குத் தலை பறந்து பக்கத்தில் நிற்பவர் மேல் விழாமல் பிடித்து வைப்பது அந்த ஆணிதான்.

இழைப்புளி | 12 மார்ச், இரவு 8.55

வளைந்த காம்பு. இதை ஈரம் இல்லாமல் சூட்டிலேயே நேராக்கலாம்.

பழைய அரக்குப் பூச்சை முதலில் ஸ்பிரிட் துணியால் எடுத்துவிடுங்கள், சூட்டில் குமிழ்விட்டுக் கருகும். கண்ணை முனையில் வைத்துப் பார்த்து, வளைவின் உச்சியில் பென்சிலால் குறியுங்கள். ஹீட் கன் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், காம்பைச் சுழற்றிக்கொண்டே குறிக்கு இரு பக்கமும் அரையடி நீளத்துக்குச் சூடேற்றுங்கள். தொட்டால் இரண்டு நொடிக்கு மேல் விரல் தாங்காது என்ற நிலை வரவேண்டும். இப்போது வளைவின் உச்சியை முழங்காலில் அணைத்து, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து, நேரைக் கொஞ்சம் தாண்டிப் பிடியுங்கள். ஆறும் வரை விடக்கூடாது, மூன்று நான்கு நிமிஷம் ஆகும். விட்டதும் பாதி திரும்பும். மறுபடி. ஒரே மூச்சில் நேராக்க நினைத்தால் டப் என்ற சத்தம்தான் மிச்சம்.

ஹோசலுக்கு மேல் நான்கு விரல் அகலத்துக்குள் சூடு காட்டாதீர்கள். முடித்த காம்பை மூலையில் சாய்த்து வைத்தால் ஒரு வாரத்தில் பழைய வளைவு வந்துவிடும். தொங்க விடுங்கள், அல்லது படுக்க வையுங்கள்.

தோட்டத்துக்காரன் | 14 மார்ச், மாலை 4.00

நேராகிவிட்டது சார், ஐந்தாவது தடவையில். ஆனால் பூச்சை எடுத்ததும் பிடிக்குக் கீழே இரண்டு அங்குல நீளத்துக்கு முடி மாதிரி ஒரு விரிசல் தெரிகிறது. மெல்லிசாக இழைத்து எடுத்துவிடலாமா?

இழைப்புளி | 14 மார்ச், மாலை 4.25

இழைக்காதீர்கள்! விளக்கம் இரவில்.

இழைப்புளி | 14 மார்ச், இரவு 11.10

காம்பின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் மாறும். 13 மி.மீ. இருக்கும் இடத்தை 12.5 ஆக்கினால் எடை ஏழரை சதவீதம்தான் குறையும், விறைப்போ ஏறத்தாழ 15 சதவீதம் போய்விடும். அரை மில்லிமீட்டர் என்பது உப்புத்தாளோடு ஒரு மாலைப்பொழுது. பழைய கைவினைஞர் ஒரு காம்பைச் சதுரக் கட்டையிலிருந்து எட்டுப் பட்டையாக்கி, பட்டையை உருட்டி, கடைசியில் சுரண்டித் தகட்டால் இழை இழையாக எடுத்து, நடுநடுவே வளைத்து வளைத்துப் பார்த்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். எண் தெரியாமலே அந்தக் கணக்கு அவர் கைக்குத் தெரிந்திருந்தது. ஜோன்ஸின் மட்டைகள் கையுணர்வால் மட்டும் தேர்ந்து சேர்த்தவை. பின்னாளில் கருவி வைத்துப் பார்த்தபோது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. இழைத்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை.

விரிசலுக்கு: விரிசல் காம்போடு நெடுக ஓடினால் காப்பாற்றலாம், குறுக்கே ஓடினால் முடியாது. காம்பைச் சற்றே வளைத்து வாயைத் திறந்து, நீர்த்த எப்பாக்ஸியைப் பிளேடு முனையால் உள்ளே விடுங்கள். கொஞ்சம் சூடு காட்டினால் தானே இறங்கும். மேலே மெழுகுத்தாள் சுற்றி, சைக்கிள் டியூப் கீற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள். பிறகு மெழுகிட்ட கறுப்பு லினன் நூலால் அந்த இடத்தை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள்.

அந்தக் கட்டு தெரிந்தால் அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். ஜோன்ஸ் பந்தைக் குழிக்கு உருட்டிய புகழ்பெற்ற பட்டர் மட்டை, கலாமிட்டி ஜேன், அதன் காம்பில் இருந்த கறுப்பு நூல் கட்டுகள் பழுது பார்த்த கட்டுகள்தான். பிற்பாடு வந்த பிரதிகளில் அதை அழகுக்காகவே சேர்த்தார்கள்.

பட்டறை | 15 மார்ச், காலை 7.05

நூல் கட்டும் முறை தெரியாதவர்களுக்கு: நூலின் ஒரு முனையைக் காம்போடு நீளவாக்கில் படுக்க வைத்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போங்கள். கடைசிப் பத்துச் சுற்றுக்கு முன் தனி நூல் ஒன்றை மடித்து வளையமாகப் படுக்க வைத்து, அதன் மேல் சுற்றி, முனையை வளையத்தில் கோத்து இழுத்தால் முனை சுற்றுக்கு அடியில் புகுந்துகொள்ளும். முடிச்சே கிடையாது. மரத்தலையின் கழுத்துக்கும் இதே கட்டுதான்.

மரத்தலை பற்றி யாரும் பேசவில்லையே. கழுத்துக்குள் காம்பு நுழைந்திருந்தால் சாக்கெட் வகை. சாய்வாகச் சீவிய இரண்டு முகத்தை ஒட்டி மேலே நீளமாக நூல் சுற்றியிருந்தால் அது பழைய ஒட்டு வகை, நூலைப் பிரிக்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடியில் பித்தளைத் தகடு இருந்தால் பிராசி என்ற வகை.

தோட்டத்துக்காரன் | 15 மார்ச், இரவு 9.15

சாக்கெட்தான். பித்தளை இருக்கிறது. தலை என்ன மரம்?

இழைப்புளி | 15 மார்ச், இரவு 9.40

அநேகமாகப் பர்சிமன், நம் சீமைப் பனிச்சை வகை. கருங்காலிக்குப் பங்காளி, ஒரே பேரினம். அதற்கு முன் பீச், ஆப்பிள், பேரி மரங்களில் செய்தார்கள். ஹியூ ஃபில்ப் என்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தச்சர் 1856 வரை வாழ்ந்தார். அவர் கையால் செய்த நீள்மூக்குத் தலைகள் இன்று அருங்காட்சியகப் பொருள். அவருக்குப் பின் பட்டறையை நடத்தியவர் அவர் உறவினர் ராபர்ட் ஃபோர்கன்.

இழைப்புளி | 17 மார்ச், இரவு 9.30

பூச்சு. கிரிக்கெட் மட்டைக்குப் போடும் அதே ஆளிவிதை எண்ணெய்தான், ஆனால் அந்த மட்டையின் வில்லோ மரம் மாதிரி ஹிக்கரி குடிக்காது. துணியில் நான்கைந்து சொட்டு, காம்பு முழுக்கத் தேய்த்து, இருபது நிமிஷத்தில் வேறு துணியால் வறட்டுத் துடைப்பு. துடைக்காமல் விட்டால் பிசின் மாதிரி ஒட்டும், பிறகு என்ன செய்தாலும் காயாது. நாளுக்கொரு தடவையாக மூன்று நாள். காய்ச்சிய எண்ணெய் ஒரு நாளில் காயும், பச்சை எண்ணெய்க்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது வெப்பம் விடும், சுருட்டினால் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்து எறியுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அதன் மேல் அரக்கு. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 250 கிராம் சில்லு, ஒரு இரவு ஊறி, துணியில் வடிகட்டி, முதல் பூச்சு. அடுத்த இரண்டு பூச்சுக்கு அதே அளவு ஸ்பிரிட் இன்னொரு பங்கு சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பட்டறைகள் பூசிய அரக்கும் நம் நாட்டுக் காட்டுப் பூச்சி தந்ததுதான்.

பாலியூரித்தேன் வார்னிஷ் ஏன் வேண்டாம்? கீறல் விழுந்தால் மேலே பூசும் புதுப் பூச்சு பழசோடு கலக்காது. அரக்கு தேய்ந்தால் மேலே இன்னொரு கை பூசலாம், பழசும் புதுசும் ஒன்றாகிவிடும்.

இழைப்புளி | 18 மார்ச், காலை 6.10

நேற்று எழுதியதில் இரண்டு விட்டுப்போனவை. எண்ணெய்க்கும் அரக்குக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அரக்கு சுருங்கும். நீலகிரியில் மழை நாளில் அரக்குப் பூசினால் வெள்ளை பூக்கும், ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிவதால். பயப்பட வேண்டாம், வெயில் நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் மறையும்.

பட்டறை | 21 மார்ச், மாலை 6.45

பிடித் தோல். ஒரு அங்குல அகலம், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் பட்டை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் செம்மறித் தோல் தாராளமாகக் கிடைக்கும். கடுக்காயோ ஆவாரம்பட்டையோ போட்டுப் பதம் செய்ததாகக் கேளுங்கள், ஒரு மி.மீ. தடிமனுக்குள்.

தோலுக்கு அடியில் துணிப்பட்டை ஒன்று சுற்றியிருக்கும், அதைத் தூக்கி எறியாதீர்கள். பிடியின் பருமனைத் தீர்மானிப்பது அதுதான். மக்கியிருந்தால் எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன் என்று அளந்து குறித்துக்கொண்டு பழைய கம்பளித் துணியில் அதேபோல் வெட்டுங்கள். புதுத்தோலை மேல்முனையில் சின்ன ஆணியால் பிடித்து, இழுத்துக்கொண்டே கீழ்நோக்கிச் சுற்றுங்கள். விளிம்பும் விளிம்பும் தொட வேண்டும், ஏறக்கூடாது. இரண்டு விளிம்பையும் கத்தியால் சரிவாகச் சீவியிருந்தால் மேடு தெரியாது. கீழ்முனைக்கு நூல் கட்டு. வழுக்கினால் ஆமணக்கு எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

இழைப்புளி | 26 மார்ச், இரவு 10.00

உளு பற்றிச் சொன்னேனே. ஒன்று, ஒன்றரை மி.மீ. வட்டத் துளை, கீழே டால்கம் மாதிரித் தூள். தட்டினால் புதுத் தூள் விழுகிறதா என்று கறுப்புத் தாளில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். விழவில்லை என்றால் பழைய கதை, துளையை மெழுகால் அடைத்துவிடலாம். விழுந்தால் பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் கட்டி, பெட்டி வகை ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் வேர்க்கும். ஹோசலுக்கு மேல் ஒரு சாணுக்குள் துளை இருந்தால் அந்தக் காம்பால் அடிக்க வேண்டாம்.

உடைந்த காம்புக்கு உள்ளூர் மரம் ஏதாவது உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நம் மலைகளில் வளரும் சடச்சி, வடக்கே தாமன் என்பார்கள். ஹிக்கரிக்கு மாற்றாகக் கருவிக் காம்புக்குப் பேர் போன, துள்ளி வளையும் மரம். பழகுவதற்குக் காம்பு போட அது போதும். பழைய ஸ்டூவர்ட் தலைக்கு அதைப் போட மனம் வராது. தேக்கு வேண்டாம், வளைவதற்குப் பதில் ஒடியும். மூங்கிலைக் கூம்பு ஹோசலில் பொருத்த முடியாது.

தோட்டத்துக்காரன் | 4 ஏப்ரல், மாலை 5.30

நான்கு மட்டைகள் தயார். விரிசல் விட்ட மட்டையும் தாங்கும் போலிருக்கிறது. பயிற்சித் திடலில் நூறு பந்து அடித்துப் பார்க்கலாமா?

இழைப்புளி | 4 ஏப்ரல், மாலை 6.00

பயிற்சித் திடல் வேண்டாம். ரப்பர் பாய்க்குக் கீழே சிமென்ட். தலை தரையில் மோதும் அதிர்வு முழுக்க ஹோசல் வாய்க்கு வரும், காம்பு முறிவதே அந்த இடத்தில்தான். அங்கே கிடைக்கும் பந்தும் கல். புல்லில், மென்மையான பந்தில், முதல் நாள் இருபது அடி. ஆணியையும் நூல் கட்டையும் பார்த்துவிட்டு மறுநாள் இன்னும் இருபது.

ஹிக்கரி வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். மேலிருந்து வேகமாக வெட்டி இறக்கினால் முகம் திறந்தபடி பந்துக்கு வரும், பந்து வலப்பக்கம் ஓடும். மேலே ஒரு கணம் நின்று, காம்பு பின்தங்கி வருவதற்கு நேரம் கொடுத்து இறக்குங்கள். மண்ணைத் தோண்டாமல் புல்லை மட்டும் வருடிக்கொண்டு போக வேண்டும். பழைய மட்டைப் பெயர்களில் மாஷி என்பது இன்றைய ஐந்தாம் நம்பர் இரும்புக்குப் பக்கம், நிப்ளிக் ஒன்பதுக்குப் பக்கம், மிட் அயர்ன் இரண்டுக்குப் பக்கம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். தூரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

விரிசல் விட்ட மட்டையில் முழு அடி வேண்டாம். அதைக் குழி இருக்கும் பச்சைத் திட்டுக்கு முன்னாலிருந்து உருட்டிவிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை | 5 ஏப்ரல், காலை 7.15

அடித்து முடித்ததும் தலையைத் துடைத்து மெழுகு. ஈர உறையோடு பைக்குள் போடாதீர்கள். கார் டிக்கியில் விட்டால் வெயிலில் எப்பாக்ஸி இளகும், காம்பும் வளையும்.

அந்தக் குழாய் முத்திரை மட்டையின் படம் ஒன்று போடுங்கள், பஞ்சால் தேய்த்த பிறகு எடுத்தது. முத்திரைக்குப் பக்கத்தில் விற்றவர் பெயரும் ஊரும் இருந்தால் அதுவும் தெரியும்படி, பக்கவாட்டு வெளிச்சத்தில்.